தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு

பாடப்புத்தகம் நூறு என்கிறது.
எல் ஆல்ட்டோவில், எங்கள் பள்ளியின் தகரக் கூரைக்குக் கீழே,
எண்பத்தாறரை டிகிரியிலேயே
தளதளவென்று கொதித்தது தண்ணீர்.
அடுப்பைக் கூட்டினோம்.
ஆவிதான் கூடியது. சிவப்புக் கோடு
இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏழு குழுக்கள்.
ஐந்து தாள்களில் நூறு.
ஆறாவது என்னுடையது:
உண்மைபோல் தெரியட்டுமே என்று
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.
ஏழாவதில் நீனோஸ்கா
எண்பத்தாறரை எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

வெப்பமானி கெட்டுப்போச்சு, என்றான் லிம்பெர்த்.
அவள் பதில் பேசவில்லை.
வாசல் வாளியில் இரவு உறைந்திருந்த பனிக்கட்டியைச்
செங்கல்லால் உடைத்து
குவளையில் அள்ளிப்போட்டு
உருகத் தொடங்கும்வரை காத்திருந்து செருகினாள்.
பூஜ்யம்.
மயிரிழை பிசகாத பூஜ்யம்.
"இங்கே பொய் சொல்லாதது
அங்கே மட்டும் ஏன் சொல்லணும்?"

சனிக்கிழமை கேபிள் காரில் கீழே இறங்கினோம்.
அவள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன் என்பதையும்
இங்கே எழுதிவிடுகிறேன்.
அடுப்போடு ஏறக்கூடாது என்று
வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார் காவலர்.
வெப்பமானி என் சட்டைக்குள்
விலா எலும்பை ஒட்டிக்கொண்டு
முப்பத்தைந்து காட்டியபடி வந்தது.

லா பாஸ் நடுவே
பூட்டு ரிப்பேர்க் கடைக்காரர் மேத்தே போடவிருந்த கெண்டியில்
எண்பத்தெட்டு.
தெற்கே, இன்னும் கீழே,
ஊதாச் சோளக் கஞ்சி விற்ற பெண்ணிடம்
வெறும் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னோம்.
"இதுக்கா மலையிலேருந்து வந்தீங்க?" என்று சிரித்தவள்
இரண்டு பொலிவியானோ கைக்கு வரும்வரை
மூடியைத் திறக்கவில்லை.
எண்பத்தொன்பதரை.
காசு கொடுத்து ஒரு கொதிநிலையை
வாங்கி வந்தவர்கள்
அநேகமாக நாங்கள்தான்.

திங்களன்று வரைபடத்தாளில் மூன்று புள்ளிகள்.
மூன்றும் ஒரே கோட்டில் நின்றன,
காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி இல்லை,
உண்மையாகவே.
மேலே நிற்கும் காற்றின் பாரம் குறையக் குறைய
தண்ணீர் சீக்கிரம் எழுந்துவிடுகிறது.
அப்படியானால் கீழே போகப் போக?
அடிக்கோலை வைத்து இழுத்தாள் நீனோஸ்கா.
தாள் முடிந்தது. இன்னொன்றை ஒட்டினோம்.
அதுவும் முடிந்தது. மேசையும் முடிந்தது.
தரையில் முட்டி போட்டு
நாலாயிரத்து நூறு மீட்டரும் இறங்கி
பூஜ்யம் மீட்டரில் கோடு வந்து நின்றபோது
தொண்ணூற்றொன்பதோ நூற்றொன்றோ,
பென்சில் மொத்தத்துக்குள் நூறு.

ஆக, நூறு இருந்தது.
கடற்கரையில் இருந்தது.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
பழைய போர் ஒன்றில் போனது.
வருஷா வருஷம் மார்ச்சில்
சீருடை மடிப்புக் கலையாமல் அணிவகுத்து நடந்து
அதைத் திரும்பக் கேட்கிறோம்.
அதுவரை யாருக்கும் தோன்றவில்லை,
எங்கள் அறிவியல் புத்தகம்
அந்தக் கரையில் நின்று எழுதியது என்று.

லிம்பெர்த் ஷூவைக் கழற்றினான்.
சாக்ஸையும் கழற்றினான்.
ஒட்டுப்போட்ட தாள்களின் கடைசி ஓரத்தில்,
பூஜ்யம் மீட்டரில்,
இரண்டு காலையும் வைத்து நின்று
"ஐயோ, சில்லுனு இருக்கு" என்றான்.
வகுப்பே சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தராய்
வரிசையில் நின்றார்கள், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

நான் வரிசையில் நிற்கவில்லை.
என் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டை
அழித்துக்கொண்டிருந்தேன்.
அழுத்தி எழுதிய பொய்; தாளே ஓட்டையாகிவிட்டது.
ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் எழுதினேன்:
எண்பத்தாறரை. உயரம் நாலாயிரத்து நூறு மீட்டர்.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நீனோஸ்கா
"தேதியும் போடு" என்றாள்.
"காத்து நாளைக்கு இப்படியே இருக்காது."