ஏனையவை

விதைப்புத் தொடங்கினால் எங்கள் கிளைக்குத் தங்கம் வரும்.
உரமூட்டை விலை ஏற ஏறக்
காப்பு வரும், கொடி வரும்,
பிள்ளையின் சின்னச் சங்கிலியும் வரும்.
வெட்டு முடிய, அதே உறைகளில் திரும்பிப் போகும்.
கல்முனைப் பிரதான வீதியில்
ஏசி ஒழுகும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து
பதினொரு வருடமாக
உரைக்கிறேன், நிறுக்கிறேன், எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஜெஸீல் ஒரு கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.
தோஹாவில் கிரேன் ஓட்டியவர்.
கம்பனியை மூடிய அன்று
சம்பளப் பாக்கிக்குப் பதிலாக
முதலாளியின் கையிலிருந்து இறங்கியதாம்.
"பதினெட்டுக் கரட், மிஸ். ஓடு முழுக்கத் தங்கம்.
நிந்தவூர் வட்டைக்குள்ள நாலு ஏக்கர் கிடக்கு.
யூரியாவுக்கு மட்டும் தந்தாப் போதும்."

உரைகல்லில் ஒரு கோடு.
அமிலம் தொட்டும் கோடு அழியவில்லை.
தங்கம்தான்.
தராசில் அறுபத்தெட்டுக் கிராம்.
அதில் தங்கம் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு,
அரைமணி நேரத்தில் களைத்துப்போகும் பற்றரி எவ்வளவு?
'நிகர எடை' என்ற கட்டம்
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"உள்ளைக் கழற்ற ஏலாதா?"
"மட்டக்களப்புக்கும் கொண்டு போனேன், கொழும்புக்கும் அனுப்பினேன்.
பசை போட்டு ஒட்டி வச்சிருக்கானுகள் மிஸ்.
உடைச்சாத்தான்."

உள்ளே இருக்கும் மூளைக்கு வயது ஆறு.
புதிய போன்கள் அதற்கு முகம் கொடுப்பதில்லை.
தொட்டால் ஒரே வசனம்:
இந்தச் சாதனத்துக்கு இனிப் புதுப்பிப்புகள் இல்லை.
வெளியே ஒரு கீறல் கிடையாது.
இன்னும் நூறு வருடம் மினுங்கும்,
எதற்கு என்று தெரியாமல்.

என் கழுத்தில் கிடக்கும் கொடி
முன்னர் மாமியின் அட்டியல்;
கடல் வந்த வருடம் சேற்றில் கிளறி எடுத்தது.
உருக்கிக் காப்பானது. காப்பை உருக்கிக் கொடியானது.
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேதாரம் போனது.
யாரும் சண்டைக்குப் போகவில்லை. கூலி கூலிதான்.

கடிகாரக்காரனும் எடுக்கட்டுமே சேதாரம்!
ஓடு இருக்கட்டும். உள்ளை மாற்று,
காசு கேள், இரண்டு மடங்காய்க் கேள்.
முதுகில் நாலு திருகாணி வை,
வேறொன்றும் வேண்டாம்.
தண்ணீர் புகுந்துவிடும் என்பார்கள்.
கிரேனுக்குள் எங்கே தண்ணீர்,
வேர்வையைத் தவிர?

என் கையில் கட்டியிருப்பது
பஸ் நிலையத்தில் வாங்கியது.
பற்றரி மாற்ற முந்நூறு ரூபா, மூன்று நிமிடம்.
விலை கூடக் கூடப்
பின்கதவை ஏன் பூட்டிக்கொள்கிறார்கள்?

மூளையை மாற்றி, பற்றரியை மாற்றி,
கண்ணாடியையும் மாற்றினால்
அது அதே கடிகாரம்தானா
என்றும் ஒரு கேள்வி வந்தது.
வந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.
வரிசையில் பதினேழு பேர்.

"உடைக்கட்டா?" என்றார் ஜெஸீல்.
சுத்தியல் எங்கே என்பதுபோல
என் மேசையைத் தேடினார்.
அந்த நேரம் பார்த்து
அதன் வயிற்றுப் பக்கம் பச்சை வெளிச்சம் விட்டது.
எஃகுத் தட்டைத் தடவித் தடவி
நாடி பிடித்தது.
தராசுக்கு இதயத் துடிப்பு எழுபத்திரண்டு என்றது.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
சிரித்து முடிந்த பிறகு
அவர் அதை எடுத்துக் கையில் மாட்டினார்.
உரக்கடைக்காரரிடம் கடன் கேட்டுப் பார்க்கிறேன் என்று
எனக்கு இல்லாமல், கதவுக்குச் சொன்னார்.

மறுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும்.
படிவத்தில் நாலு கட்டம்:
பித்தளை. முலாம். கல் பதித்தது. ஏனையவை.
பேனையைக் கொஞ்சநேரம் தூக்கியபடி இருந்தேன்.
அசல் தங்கத்துக்கு ஏனையவை என்று கோடு போட்டது
இதுதான் முதல் தடவை.

அடுத்து நின்றவள்
காப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.
மணிக்கட்டைத் தாண்டி வருகுதில்லை.
சவர்க்காரம் இருக்கா, மிஸ்? என்றாள்.