சாவி

ஐந்தாம் நாள்.
டொக்டரிடம் இரண்டு என்றுதான் சொன்னேன்.
வயிற்றைத் தட்டிப் பார்த்தார்,
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
"தண்ணி குடிக்கிறீங்களா?"
இல்லை என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஏன் என்பது மூன்றாம் மாடியில் இருக்கிறது.
பிரதான வீதிச் சேலைக்கடையில்
பதினொரு பெண்களுக்கு ஒரு கக்கூஸ்,
சாவி முதலாளியின் லாச்சிக்குள்.
கேட்டால் தருவார்.
தந்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார்.
ஆகவே கேட்பதில்லை.
பட்டை விரித்து, மடித்து, விரித்து,
உடம்பு கூப்பிடும்போதெல்லாம்
"பிறகு வா" என்று சொல்லிப் பழகினேன்.
அவள் ரோசக்காரி.
ஒருநாள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

காலையில் பாண், பகலில் இரண்டு றோல்ஸ்,
இரவில் கொத்து.
மாவின்மேல் மாவு
சீமெந்தாய் இறுகியது.
ரிஸ்மியா ஒரு மாத்திரை தந்தாள்.
அது கொள்ளுப்பிட்டிச் சந்தியில், பஸ்ஸுக்குள்,
வேலையைக் காட்டியது.
அதைப் பற்றி மேலும் கேட்காதீர்கள்.

பிறகுதான் மெல்லப் போகும் வழிக்கு வந்தேன்.
கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடி வண்டியில்
உப்பும் தேசிக்காயும் விட்ட பப்பாசி.
வெள்ளவத்தைச் சந்தையில்
ஈரம் காயாத வல்லாரைக் கட்டு.
குரக்கன் ரொட்டியைப் பார்த்து
அறைத்தோழி துஷ்யந்தி முகம் சுளித்தாள்,
மூன்றாம் நாள் அவளும் ஒன்றைப் பிய்த்தாள்.
மாலையில் காலிமுகத்திடல் வரை நடை, அதன்பிறகே பஸ்.
கடல் தன் வேலையை
ஒருநாளும் தள்ளிப்போடுவதில்லை.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

நாலரைக்கு எழுகிறேன்,
வீட்டிலுள்ள ஏழு பேருக்கும் முன்னால்.
ஒரு கோப்பை சுடுதண்ணீர்.
ஃபோன் தலையணைக்கடியில்.
கவிழ்த்த வாளியில் காலைத் தூக்கி வைத்துச்
சும்மா இருக்கிறேன்.
இந்தக் கொழும்பில் யாரும் வந்து தட்டாத
பத்து நிமிடம் என்னுடையது.

முதல் கிழமை ஒன்றுமில்லை.
முக்கவில்லை, திட்டவில்லை, எழுந்து வந்தேன்.
எட்டாம் நாள்
கரையோர ரயில் ஊதிக்கொண்டு போனபோது,
அவ்வளவுதான்.
வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்த துஷ்யந்தியிடம்
சோதனை பாஸானவள்போலச் சிரித்தேன்.

அன்று கடையில்
தண்ணீர்ப் போத்தலை எல்லோரும் பார்க்கவே
மேசைமேல் வைத்தேன்.
பதினொரு மணி.
கூறைச்சேலை எடுக்க வந்த குடும்பம்
பாயில் வட்டமாக இருந்தது.
"முதலாளி, சாவி" என்றேன்.
அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதற்குள்
பெண்ணின் தாய் முழங்காலில் கையூன்றி எழும்பினாள்:
"எனக்கும் போகவேணும் பிள்ளை,
எந்தப் பக்கம்?"