அளவுகோல்

பித்தொம் நகரசபைக்கு நான் எடுத்துக்கொடுத்தது
நாற்பத்தோரு வீடுகள். எல்லாம் இடிக்கப்போகிறவை.
உத்தரவு இவ்வளவுதான்:
முகப்பு முழுதாக விழவேண்டும்,
கோடுகள் செங்குத்தாக நிற்கவேண்டும்,
ஆட்கள் கூடாது.

செங்குத்தாம்.
அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி
தெருவே ஒருக்களித்துக் கிடக்கிறது.
முக்காலியின் குமிழி நடுவில் நின்றால்
வீடு சாய்கிறது.
வீட்டை நிமிர்த்தினால் தெரு வழிந்தோடுகிறது.
எதை நேராக்குவது என்று
பொறியாளர் மத்தூஷ்சிக்கைக் கேட்டேன்.
காகிதத்தின் ஓரத்தை, என்றார்.

ஆட்களை விரட்டுவது எளிது.
துளையை ஊசிமுனையாய்ச் சுருக்கி
நாற்பது நொடி திறந்துவைத்தால் போதும்,
நடக்கிறவர்கள் படத்தில் தங்குவதில்லை.
ஒருமுறை சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து
நூறுபேர் குறுக்கே போனார்கள்.
கழுவிப் பார்த்தால் வெறும் கல்தெரு.
சுவரில் சாய்த்திருந்த ஒரு சைக்கிள் மட்டும்
(இருபதாம் நொடியில் யாரோ எடுத்துப்போனது)
பாதி உருவமாய்,
சக்கரத்துக்குள் செங்கல் தெரிய.

விரிசல்களின் மேல் சாந்து அப்பித்
தேதி எழுதியிருப்பார்கள்.
சாந்து பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.
மார்ச் நான்கு, பிளந்தது.
மார்ச் பத்தொன்பது, பிளந்தது.
ஏப்ரல் இரண்டு
இன்னும் ஈரம் காயவில்லை.

அது பதினேழாம் எண் வீடு.
எர்னா கொவோல் கதவைத் திறந்து வந்தார்,
கையில் உருளைக்கிழங்குத் தோல் நிறைந்த கிண்ணம்.
எவ்வளவு நேரம் திறந்திருக்கும் உன் பெட்டி?
சொன்னேன்.
கிண்ணத்தைக் கீழே வைத்தார்.
நிலையில் முதுகை ஒட்டினார்.
மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டார்.

ஆடவில்லை, அசையவில்லை, நாற்பது நொடி.
அவர் வீட்டுச் சுவருக்குக்கூடக் கைவராதது.

சன்னல் சட்டம் சிவப்பு, என்றார் மூச்சு வாங்க,
போன ஈஸ்டருக்கு நானே அடித்தது. தெரியுமா படத்தில்?
தெரியாது.
செங்கல்லும் சட்டமும் ஒரே சாம்பலாகிவிடும்.
சிவப்புக் கண்ணாடி மாட்டினால் இரண்டும் வெளுத்துவிடும்.
அப்படியானால் நீ எடுத்தது பக்கத்து வீட்டை,
என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருட்டறையில்
சிவப்பு விளக்கின் கீழ், தட்டில்,
மெதுவாக எழுந்து வந்தார்.
அப்போது மட்டும் சட்டம் சிவப்பு.
சுவர் சிவப்பு, அவர் மூக்கு, என் விரல்நுனி எல்லாமே.
வெள்ளை விளக்கைப் போட்டேன்,
போய்விட்டது.

மத்தூஷ்சிக் அவர்மேல் விரலை வைத்தார்.
ஆள்.
அளவுகோல், என்றேன், கதவின் உயரம் காட்ட.
விதிகளைப் புரட்டினார்.
அளவுகோலுக்கு அனுமதி இருந்தது.
எத்தனை மீட்டர்?
நான் அளக்கவில்லை. ஒன்று புள்ளி ஐந்து எட்டு, என்றேன்.
படத்தின் முதுகில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.
அவர் போனபின் கீழே நான் எழுதினேன்:
சன்னல், சிவப்பு.

நவம்பரில் இடித்தார்கள்.
பனி விழுந்த ஒருநாள்
ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் கொவோல்.
தலைக்குட்டையோடு சேர்த்தும்
என் தோளுக்கு வரவில்லை.

அந்த எண்ணை வைத்துத்தான்
வீட்டின் உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.
கோப்பில் பதினேழாம் எண்
இருந்ததைவிட இரண்டு முழம் உயரம்.