எடைப் பட்டியல்

சாட்ஸ்வொர்த்தில், மூன்றாம் மாடியில், சமையலறை மேசையில்
அன்னபூர்ணா விரிந்து கிடந்தாள்.
ஒரு மூலையில் மிளகாய்த்தூள் டப்பா,
ஒன்றில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு,
ஒன்றில் தேசிகனின் முழங்கை.
சுருண்டு சுருண்டு எழுந்த நான்காம் மூலையில்
கல்யாணச் சீரில் வந்த பித்தளை அன்னபூரணி,
கையில் கரண்டியோடு,
தன் பெயரின் மேலேயே உட்கார்ந்து.

"எண்ணாயிரத்துத் தொண்ணூற்றொன்று" என்றாள் கோகி.
அவளுக்கு எல்லாம் மீட்டர்.
நான் டர்பன் துறைமுகத்தில்
சர்க்கரை லாரிகளை எடைபோடுகிறவன்.
எதுவும் கிலோவில் வந்தால்தான் எனக்குப் புரியும்.

ஆகவே எடைப் பட்டியல் என் பொறுப்பு.
தூக்கப்பை, ஆயிரத்து நானூறு கிராம்.
பனிக்கோடரி இரண்டு. திருகாணி ஆறு.
கையுறை மூன்று ஜோடி:
ஒன்று நனையும், ஒன்று காற்றோடு போகும்.
பல்துலக்கியின் பிடியை ரம்பத்தால் அறுத்தேன்.
ஏழு கிராம் மிச்சம்.

"அண்ணே, விட்டா என் மீசையையும் நிறுத்துடுவீங்க"
என்று சிரித்தான் தேசிகன் படையாச்சி.
லுங்கேலோ சிரிக்கவில்லை.
போன ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க்கில்
உறைந்த அருவி ஒன்றில் ஆணி பிடுங்கிக்கொண்டபோது
அவன் பிடித்த கயிற்றில்தான் கோகி தொங்கினாள்.
அவளுடைய ஐம்பத்தெட்டுக் கிலோவை
என்னைவிட நன்றாக அறிந்தவன்.

ஆறரைக்கு லோட் ஷெடிங்.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
வரைபடத்துச் சரிவுகள் கொஞ்சம் நகர்ந்தன.
வடக்கு முகத்தில் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தபடி
தேசிகன் சொல்லிக்கொண்டே போனான்:
இங்கே நிற்கக் கூடாது.
இங்கேயும்.
இந்தப் பாறைக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொள்ளலாம், வெயில் ஏறும்வரை.

உச்சியைத் தொட்ட மூவருக்கு ஒருவர்
என்ற கணக்கில் ஆட்கள் செத்த காலம் அந்த மலைக்கு உண்டு.
அதை யாரும் சொல்லவில்லை.
நானாகப் படித்திருந்தேன்.
படித்தது கோகிக்குத் தெரியும்.
பீன்ஸ் கறி ஆறிக்கொண்டிருந்தது.

அவர்கள் போனபின் காப்பீட்டுப் படிவம்.
பதினோராம் பக்கம், நான்காம் கேள்வி:
இறக்க நேர்ந்தால்
உடலைக் கீழே கொண்டுவர வேண்டுமா,
அங்கேயே விட்டுவிடலாமா.
இரண்டு கட்டம். இரண்டும் ஒரே அளவு.

மளிகைச் சீட்டில் வெங்காயத்துக்கு நேரே போடுவதுபோல
இரண்டாவதில் குறி போட்டாள்.
"உறைஞ்ச உடம்பு இரட்டைக் கனம்.
இறக்க ஆறு பேர் வேணும்.
அந்த ஆறு பேருக்கும் வீடு இருக்கு."

இருபத்திரண்டு வருடமாக எடைமேடைக்காரன்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எண்,
வெளியே போகும்போது ஓர் எண்,
நடுவில் உள்ள வித்தியாசம்தான் சரக்கு.
உள்ளே வந்தது வெளியே போகாவிட்டால்
என்ன எழுதுவது என்று
யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

எழுந்து போய் இருட்டில் பாத்திரம் கழுவினேன்.
கழுவியதையே மறுபடி கழுவினேன்.
"குழாயை மூடு, தண்ணி போகுது" என்றாள்.
மூடினேன்.

எட்டரைக்கு விளக்கு வந்தது.
திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய விமானச் சீட்டு
மூவாயிரத்து இருநூறு ராண்ட் அதிகம்.
கேட்காமல் அதையே எடுத்தேன்.
வரும்போது மூட்டை எத்தனை கிலோ என்றது திரை.
"பதினஞ்சு போதும், பாதி சாமான் அங்கேயே போயிடும்."
இருபத்துமூன்று என்று போட்டேன்.

அன்னபூரணியைத் தூக்கினேன்,
வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.
கைப்பழக்கம். முந்நூற்றுப் பத்து கிராம் இருப்பாள்.
அலமாரியில் வைத்தேன்.

வெளியே படிக்கட்டில்
முதுகில் இருபது கிலோ அரிசி மூட்டையோடு
கோகி ஏறி இறங்கத் தொடங்கிவிட்டாள்.
முப்பத்தெட்டாவது நடைக்கு
கீழ்வீட்டு மிஸஸ் நாயுடு
விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தாள்.
காலடி ஒரு நொடி நின்றது.
பிறகு, காலணியைக் கழற்றிவிட்டாள் போல,
சத்தமில்லாமல்.