சொந்தச் சொற்களில் எழுதுக

படிவத்தில் அதற்கு விட்டிருக்கும் இடம்
என் உள்ளங்கை அகலம்.
முதலில் கங்காருக்களை எழுதினேன்.
ஐந்து. குட்டியோடு ஒன்று.
நாரோமைன் ஓடுபாதையின் நடுவில்
மாலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றன.
பொய்யில்லை.
அவற்றுக்காகத்தான் மறுபடி மேலெழுந்தேன்,
இறக்கிய சக்கரங்களை மடக்கிக்கொண்டு.
கோதுமை வயல்மீது ஒரு வட்டம்,
தானியக் கிடங்கு, ரயில் பாதை,
யாரோ வீட்டின் நீலத் தண்ணீர்த் தொட்டி.
திரும்பி வந்தபோது பாதை காலி.
காலியென்று கண்டதும்
வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டது
எனக்குள் எதுவோ.

'எதுவோ' என்று எழுத முடியாது.
அடித்தேன்.

காற்றை எழுதினேன்.
வடமேற்கு, எட்டு நொட்.
அந்தக் காற்றில் கொடியில் காயும் சட்டைகூட
ஒழுங்காய் ஆடாது.
அதையும் அடித்தேன்.

நிமலேந்திரன் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
மனைவியின் தம்பி,
சின்ன விமானத்தில் இதுதான் முதல் தடவை.
அவன் போனில் எல்லாம் இருக்கிறது:
முன்னால் சுழலும் மங்கிய வட்டம்,
என் காது, காதோர நரை,
பிறகு அந்தச் சத்தம்.
பின்னால் எடுக்கும் லொறியைப்போல
விட்டுவிட்டு, விட்டுவிட்டு, பதினேழு விநாடி.
'அத்தான், என்ன சத்தம் அது?'
திரையில் நான் திரும்பவில்லை.
'ஒன்றுமில்லை' என்கிறேன்,
ஊசி ஏற்றுமுன் நோயாளிக்குச் சொல்லும்
அதே குரலில்.

டப்போ மருத்துவமனையில்
மயக்க மருந்து கொடுப்பது என் தொழில்.
நாள் முழுக்க அலறும் இயந்திரங்கள் நடுவே நிற்பவன்.
எது அழுத்தம், எது கழன்ற வயர்,
எது வெறும் பற்றரி என்று
பாராமலே சொல்வேன்.
சொல்லும்போதே விரல் நீண்டு
சத்தத்தை அணைத்திருக்கும்.
ஏன் கத்தியதென்று சிலவேளை
பிறகுதான் பார்ப்பேன்.
இருபத்திரண்டு வருடம்.
அதனால் ஒருவரும் சாகவில்லை,
எனக்குத் தெரிந்து.

தொடவேண்டிய உயரத்தில் எதுவும் தொடவில்லை.
இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.
இன்னும் கொஞ்சம்.
என் வாழ்நாளிலேயே மிருதுவான இறக்கம் என்று
ஒரு கணம் பெருமைப்பட்டேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
பிறகு வயிறு.
தகரம் தார்மீது இழுபடும் ஓசை
பல்லின் வேர்வரை போயிற்று.
நின்றோம். புழுதி எங்களைத் தாண்டிப் போயிற்று.
இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.
எல்லாம் அடங்கியபின்னும் அது மட்டும்
கத்திக்கொண்டே இருந்தது.
கைநீட்டி அணைத்தேன்.

திங்கள் காலை பாரந்தூக்கி வந்தது.
இறக்கையடியில் பட்டி கட்டி
இடுப்பளவு உயர்த்தினார்கள்.
மெக்கானிக் லெய்டன் உள்ளே ஏறி
நெம்புகோலைக் கீழே தள்ளினார்.
முனகிக்கொண்டு வந்தன.
ஒன்று. பிறகு இரண்டும் ஒன்றாய்.
கறுப்பு டயர்கள் அந்தரத்தில் தொங்கி
லேசாய்ச் சுற்றின.
பச்சை விளக்கு மூன்றும் எரிகிறதாம்.
நான் போய்ப் பார்க்கவில்லை.
'வேலை செய்கிறது' என்றார் லெய்டன்,
யார் முகத்தையும் பாராமல்.

இயந்திரக் கோளாறு உண்டா?
இல்லை. புள்ளடி போட்டேன்.
எச்சரிக்கை கிடைத்ததா?
ஆம்.
படத்தை அழித்துவிடவா என்று
இரவு நிமலேந்திரன் செய்தி அனுப்பியிருந்தான்.
நல்ல பிள்ளை.
வேண்டாம் என்று எழுதினேன்.

அவன் கேட்டான்.
எனக்குக் கேட்டது.
நான் கேட்கவில்லை.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது.
இந்த ஒரு சொல்லுக்கு
அங்கே மூன்று தேடவேண்டும்.
தேடிக்கொண்டிருக்கிறேன்.
கட்டத்தில் இன்னும் நிறைய இடமிருக்கிறது.