சான்றிதழின் தமிழ்

மாங்குளம் சந்தி. போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறை.
மின்விசிறி சுற்றச் சுற்ற வேர்க்கிறது.
நெடுங்கேணியிலிருந்து வந்த பரஞ்சோதியர்
மாப்பிள்ளையின் தாளை மேசையில் வைத்தார்.
'பெடியனுக்கு என்ன வேலையெண்டு தமிழில வேணும்.'

குளிர்காலத்தில் படையினரை மலையேற்றி
வழிநடத்தும் தகுதி.
இதை எழுத அரை மணி.

'எந்த ஆமி?' என்றார்.
இங்கிலாந்து என்றேன்.
கதிரையை முன்னே இழுத்துக்கொண்டார்.

பனி என்றால்
மார்கழி விடியலில் உழுந்து இலையில் நிற்பதை நினைப்பார்.
கல்லாய் இறுகிய பனி என்று எழுதினேன்.
அதைக் கொத்தும் கோடாலி என்றேன்.
'விறகு அங்க ஏது?'
முத்தையன்கட்டுக் குளக்கட்டைவிட
உயரத்தில் அவர் நின்றதில்லை.
நானுந்தான்.

நாற்பது குளிர்நாள் ஏறியிருக்க வேண்டும்.
சரிவு தாங்குமா, பெயர்ந்து வருமா
தோண்டிப் பார்த்தே சொல்ல வேண்டும்.
கண் தெரியாத வெள்ளையில்
திசைகாட்டியோடு அடியெண்ணி நடக்கவேண்டும்.
பனியில் குழி வெட்டி
இரவு முழுக்க அதற்குள் இருக்கவேண்டும்.

'அதுக்கும் சேட்டிபிக்கற் குடுக்கிறாங்களோ'
என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசி வரி:
கூட்டிப்போன அத்தனை பேரையும்
கீழே கொண்டுவந்து
எண்ணிக் கையளிக்க வேண்டும்.

'அதை இன்னொருக்கா வாசியுங்கோ.'

வாசித்தேன்.
வெளியே யாழ்ப்பாண பஸ் ஒன்று
ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது.
அது போகும்வரை அவர் பேசவில்லை.

பிறகு கேட்டார்:
'முத்திரையை அந்த வரிக்கு மேல குத்தேலுமோ?'

மூலையில்தான் குத்துவது வழக்கம்.