கதவைச் சாத்தி அடிக்கிற நிறம்

ஹட்டனில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும்.
ஈரக்காற்று பட்டால் பெயிண்ட் வெளுத்துப்போகும்,
பால் சிந்தின மாதிரி.
அதனால் கதவைச் சாத்து என்பார் நிமல் பாஸ்.
ஜன்னல் இடுக்கில் சாக்கு,
கதவடியில் பழைய டயர் டியூப்.
உள்ளே நான், ஒரு த்ரீவீல், ஒரு ஸ்ப்ரே கன்,
முகத்தில்
கொரோனா காலத்தில் மகள் வாங்கின மாஸ்க்.

தின்னர் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
எதைத் தின்னும் என்று
தகரத்தில் போடவில்லை.

முதல் வருசம் அந்த வாசத்தில் தலை சுற்றியது.
பிறகு அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியது.
பஸ்ஸில் பக்கத்துச் சீட் காலியாகவே வரும்
டிக்கோயா வரைக்கும்.
காலை நீட்டிக்கொள்ளலாம்.

சோறு இறங்கவில்லை.
வலது விலாவுக்குக் கீழே
ஈரச் சாக்கை மடித்து வைத்த பாரம்.
ரத்தம் எடுத்தார்கள்.
நாற்பதுக்குள் இருக்க வேண்டியது
நூற்று அறுபத்தெட்டு.

டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.
எனக்கு விளங்கும், பாஸிடம் இருபது வருசம்.
ஆனாலும் கூட வந்த மகள் கௌசிகா
கேள்வியைக் கொஞ்சம் கழுவித் தந்தாள்:
"அசதிக்கு ஏதாச்சும் எடுப்பீங்களான்னு கேக்குறாரு, அப்பா."

என் கல்யாணத்தன்றுகூட நான் கிளாஸைத் தொடவில்லை.
சொன்னேன். சிங்களத்திலேயே சொன்னேன்.
பேனா நிற்கவில்லை.
தோட்டத்து ஆளின் ஈரலுக்கு
அந்தக் கார்டில் ஒரு கதைக்குத்தான் இடம்.

திரும்பும்போது மகள் பேசவில்லை.
இறங்குகிற இடத்தில் என் சட்டைக் கையைப் பிடித்து
மூக்கருகே கொண்டுபோனாள்.
சந்தேகத்தில் இல்லை
என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து மடுவத்தில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
ஈரலுக்குக் கழிக்கத் தெரியாது.
மூச்சு வழியே போய், ரத்தம் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம்
அப்படியே வாங்கிக்கொள்கிறது.
கத்தவும் தெரியாது அதற்கு.

மறுநாள் ஒரு நீல த்ரீவீல்.
பாதி அடித்துவிட்டு
டியூபைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தேன்.
பனி வந்தது, நிதானமாக,
வாடிக்கையாளர் மாதிரி வண்டியைச் சுற்றிப் பார்த்தது.
நெஞ்சு நிறைய இழுத்தேன்.
கண்ணெதிரே நீலம் வெளுத்தது.

பாஸ் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
சம்பளத்தில் பிடிப்பேன் என்றார்.
சரி என்றேன்.

வெளுத்ததையெல்லாம் துடைத்தெடுத்து
மறுபடி அடிக்க வேண்டும்.
துடைக்க
இன்னும் இரண்டு லீட்டர் தின்னர்.